நள்ளிரவில் காலியாகும் பட்டியல்: மைக்ரோசாஃப்ட் டு டூ செயலி, 18 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

எனக்கு வயது 48. கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் சர்க்கரை நோயுள்ள 76 வயது மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன், ஷிஃப்ட் முறையில் வேலைக்குச் சென்றுவரும் கணவர் ஆகியோர் இருக்கிறார்கள். இந்த விவரங்களை முதலிலேயே சொல்லிவிடக் காரணம், வேலைப் பட்டியல் செயலி ஒன்று நல்லதா இல்லையா என்பது அதைப் பயன்படுத்துபவரின் நாள் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. காலை முதல் இரவு வரை தன் நேரம் தன் கையிலேயே இருக்கும் ஒருவருக்குப் பொருந்தும் செயலி, மேலே பெரியவர்களும் கீழே பிள்ளைகளுமாக நடுவில் நிற்கும் வயதினருக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. மைக்ரோசாஃப்ட் டு டூ எனக்குப் பொருந்தியது. ஏன் பொருந்தியது, எந்த இடத்தில் அது கைகொடுக்கவில்லை என்பதையே இங்கே எழுதுகிறேன்.

அலுவலக வேலையில் நான் எதையும் மறந்ததில்லை. டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தத் தொகையை 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஜிஎஸ்டி கணக்குக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள்ளும் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும் என்பவை ஆண்டுக்கணக்கில் பழகிப்போன தேதிகள். தவறினால் வட்டியும் தாமதக் கட்டணமும் வரும் என்பதால் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்தும் தொலைபேசியில் கேட்டுவிடுவார்கள். நான் மறந்தவையெல்லாம் வீட்டில்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன். மாமியாரின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, காலைக்குரிய கட்டமும் இரவுக்குரிய கட்டமும் காலியாக இருந்தன. கேட்டதற்கு, "தீர்ந்து ரெண்டு நாளாச்சு கண்ணு, நீ வேலையா இருந்தியேன்னு சொல்லலை" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றும் ஆறவில்லை. யாரும் தொலைபேசியில் கேட்காத, அபராதம் விதிக்கப்படாத கடமைகள்தாம் நடுவயதில் முதலில் நழுவுகின்றன என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

அதற்குப் பிறகு முதலில் எடுத்துக்கொண்டது வேறொரு செயலியை. அதில் முடித்த வேலைக்குப் புள்ளிகள் உண்டு. தொடர்ந்து எத்தனை நாள் இலக்கை எட்டினோம் என்று ஒரு கணக்கும் உண்டு. இரண்டு வாரத்தில் அதன் முகப்பில் சிவப்பு எழுத்தில் 43 வேலைகள் நிலுவையில் நின்றன. காலையில் எழுந்து அந்த எண்ணைப் பார்க்கும்போதே உடல் தளர்ந்துவிடும். மகனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய கணக்கில் நான் தவறியவளாகப் பதிவானேன். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதும் வேலையே என்று அறியாத ஒரு கருவி, குடும்பம் நடத்துகிறவருக்கு உதவாது என்று அதை நீக்கிவிட்டேன்.

டு டூ செயலியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'மை டே' என்ற ஒரே ஒரு பக்கம். செய்ய வேண்டியவற்றை நீங்கள் எத்தனை பட்டியல்களில் வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அவை அங்கேயே இருக்கும். 'மை டே' பக்கம் மட்டும் ஒவ்வொரு நாளும் நள்ளிரவில் துடைத்ததுபோல் காலியாகிவிடும். நேற்று முடிக்காத வேலை அழிந்துபோவதில்லை, அது தன்னுடைய பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் இன்றைய பக்கத்தில் நிலுவையாக நின்று நம்மை முறைப்பதில்லை. காலையில் அந்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பல்பு வடிவக் குறியைத் தொட்டால், இன்று கெடு முடிபவை, கெடு தாண்டியவை, நேற்று எடுத்து முடிக்காமல் விட்டவை என்று சில பரிந்துரைகளை அது காட்டும். அவற்றிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பது நம் பொறுப்பு. எடுக்காமல் விட்டால் செயலி எதுவும் சொல்வதில்லை.

நான் இந்த வேலையைச் செய்வது காபிக்கு டிகாஷன் இறங்கும் நேரத்தில். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டு அடுப்படி மேடை ஓரமாக நின்றுகொண்டே பட்டியலைப் பார்ப்பேன். முதல் சில வாரங்களில் 12, 15 என்று எடுத்து வைத்து, இரவில் பாதிகூட முடியாமல் நின்றிருக்கிறேன். பிறகு எனக்கென்று ஓர் அளவை வகுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஏழு வேலைகளுக்கு மேல் எடுப்பதில்லை; அவற்றில் அலுவலகத்தைச் சேர்ந்தவை மூன்றுக்கு மிகாது; ஒன்றாவது என் உடலுக்கோ மனதுக்கோ உரியதாக இருக்க வேண்டும். கடந்த மாதம் 20ஆம் தேதிப் பட்டியலை அப்படியே தருகிறேன்: 3பி தாக்கல், சம்பளப் பட்டியல் சரிபார்ப்பு, அத்தைக்கு ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை, மகனின் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை வாங்குதல், இட்லிக்கு அரிசி ஊறப்போடுதல், அரை மணி நேர நடை. ஆறுதான். அன்றைக்கு அனைத்தும் முடிந்தன. அரிசி ஊறப்போடுவதை எழுதி வைப்பானேன் என்று சிலர் கேட்கக்கூடும். எழுதாவிட்டால் அந்த அரை மணி நேரம் கணக்கில் வராமல் போய், அந்த இடத்தில் இன்னொரு வேலையைத் திணித்துக்கொள்வேன் என்பதால் எழுதுகிறேன்.

திரும்பத் திரும்ப வரும் வேலைகளை இந்தச் செயலி நன்றாகக் கையாள்கிறது. தினம், வாரம், மாதம், ஆண்டு என்ற வழக்கமான இடைவெளிகளோடு, நாமே இடைவெளியைத் தீர்மானிக்கவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 'இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை' என்று அமைத்திருக்கிறேன். அத்தையின் ரத்தப் பரிசோதனைக்கு மூன்று மாதம். வண்டி இன்ஷூரன்ஸுக்கு ஓர் ஆண்டு. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் அக்டோபர் முதல் வாரத்திலும் அது தானாக வந்து நிற்கும். ஒரு வேலையை முடித்ததாகக் குறித்தவுடன் அடுத்த தவணைக்கானது உருவாகிவிடுகிறது. ஒவ்வொரு வேலைக்குள்ளும் சிறு சிறு படிகளைச் சேர்க்கலாம். மருத்துவமனைக்குச் செல்வது என்ற வேலைக்குள் பழைய ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, இன்ஷூரன்ஸ் அட்டை, சாப்பிட பிஸ்கட் என்று நான்கு படிகளை எழுதி வைத்ததிலிருந்து, பாதி வழியில் வீட்டுக்குத் திரும்ப நேர்ந்ததில்லை.

ஆனால் நம் வீடுகளின் காலக்கணக்கு முழுவதும் ஆங்கிலத் தேதியில் அடங்குவதில்லை. மாதந்தோறும் அமாவாசைக்கு மாமனாருக்குப் படையல் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே ஏறத்தாழ 29 நாள் 12 மணி நேரம் என்பதால், '29 நாளுக்கு ஒருமுறை' என்று அமைத்தாலும் '30 நாளுக்கு ஒருமுறை' என்று அமைத்தாலும் சில மாதங்களில் கணக்கு விலகிவிடும். மாமனாரின் திதியும் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வரும். திதியை வைத்து நினைவூட்டும் வசதி இந்தச் செயலியில் கிடையாது. எனவே ஜனவரி தொடக்கத்தில் புதிய தினசரிக் காலண்டர் வந்ததும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆண்டின் 12 அல்லது 13 அமாவாசைகளையும் திதியையும் ஒவ்வொன்றாகப் பதிந்துவிடுகிறேன். கால் மணி நேர வேலைதான். அதைச் செய்து முடிக்கும்போது அந்த ஆண்டு முழுவதும் ஒருமுறை கண்முன் வந்துபோகிறது. அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

இந்தச் செயலியால் எங்கள் வீட்டில் ஏற்பட்ட பெரிய மாற்றம், பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் வசதியால் வந்தது. இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகப் பதிவானது. சமைப்பதும் துடைப்பதும் இந்தக் கணக்கில் வந்துவிடும். ஆனால் எரிவாயு உருளை எப்போது தீரும், மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது, டியூஷன் பணம் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று இடைவிடாமல் நினைவில் வைத்திருப்பது எந்த நிமிடக் கணக்கிலும் வராது. அது சமைக்கும்போதும் நடக்கிறது, வவுச்சர் சரிபார்க்கும்போதும் நடக்கிறது. நடுவயதில் ஏற்படும் களைப்பில் பெரும்பங்கு இதிலிருந்து வருவது என்பது என் உறுதியான எண்ணம். இதை விட்டுவிட்டு நேர நிர்வாகம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

என் கணவர் வேலை செய்யத் தயங்குபவர் அல்லர். "என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்" என்பார். சொல்வதுதான் எனக்குப் பாரமாக இருந்தது. 'வீடு' என்ற பெயரில் ஒரு பட்டியலைத் தொடங்கி அவருக்கும் இணைப்பை அனுப்பினேன். இருவரில் யார் எழுதினாலும் மற்றவருக்குத் தெரியும். யார் முடித்தாலும் இருவர் பட்டியலிலும் முடிந்ததாகும். அதேசமயம் அவரவர் 'மை டே' பக்கம் அவரவருக்கு மட்டுமே உரியது. முதல் இரண்டு மாதங்கள் பெரிய பலனில்லை. நான் அவர் பெயரைக் குறித்து ஒப்படைத்தவற்றை மட்டும் முடித்துவிட்டு மற்றவற்றை அவர் பார்க்காமல் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். வேலைகளைப் பிரித்துக்கொள்வதற்குப் பதிலாகப் பொறுப்புகளையே பிரித்துக்கொண்டோம். அன்று முதல் மருந்துக் கடையும் எரிவாயுவும் மாமியாரின் வங்கி வேலையும் முழுமையாக அவருடையவை: எப்போது தீரும் என்று கவனிப்பது, பட்டியலில் எழுதுவது, வாங்கி வருவது, மாத்திரைப் பெட்டியின் கட்டங்களை நிரப்புவது வரை. மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் உறங்கப் போகப் பழகுவதற்கு மூன்று மாதங்கள் ஆயின. செயலி இதைச் செய்யவில்லை. ஆனால் எவ்வளவு வேலை யார் பக்கம் இருக்கிறது என்பதை இருவரும் ஒரே திரையில் பார்த்ததால்தான் அந்தப் பேச்சு சண்டையாகாமல் முடிந்தது.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய இந்த வயதில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுவதும், எடுத்து வைத்த பொருள் எங்கே என்று நினைவுக்கு வராமல் நிற்பதும் எனக்குப் புதிதாக வந்தவை. இது என்னைப் போன்ற பலருக்கும் இருக்கிறது என்று மருத்துவர் விளக்கும்வரை நான் பயந்துபோயிருந்தேன். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. என் உறக்கம் அப்போது ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை. 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 57 பேர். அனைவரும் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட இளைஞர்கள் என்பதால் அதை நம் வயதுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் நான் அதைப் பின்பற்றுகிறேன். இரவு 9.45 மணிக்கு ஒரு நினைவூட்டல் வரும். மனதில் ஓடுவதையெல்லாம், செயலியில் முதலிலிருந்தே இருக்கும் 'டாஸ்க்ஸ்' என்ற பொதுப் பட்டியலில் கொட்டிவிட்டு, கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கைக்குச் செல்வேன். இரண்டு மணி விழிப்பு இப்போதும் வருகிறது. ஆனால் விழித்தவுடன் நாளைய வேலைகளை எண்ணத் தொடங்கும் பழக்கம் போய்விட்டது. அதனால் மீண்டும் உறங்க முடிகிறது.

'மை டே' முறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தினமும் பக்கம் காலியாவதால், கெடு தேதி குறிக்காத வேலைகள் மெல்லப் பட்டியலின் அடியில் தங்கி, கண்ணில் படாமலே போய்விடும். இதற்கு வாரம் ஒருமுறை எல்லாப் பட்டியல்களையும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட வேண்டும். நான் ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் ஒதுக்குகிறேன். அதில் பாதி நேரம் நீக்குவதற்கே போகிறது. நான்கு வாரமாக ஒரு வேலை அசையாமல் நின்றால், ஒன்று அதற்கு ஒரு தேதி கொடுப்பேன், அல்லது நீக்கிவிடுவேன். உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்த படங்களை ஆல்பமாக்குவது என்று ஏழு மாதம் நின்ற ஒன்றை நீக்கினேன், யாரும் கேட்கவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய வேறு சில குறைகளும் உள்ளன. பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்வதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் நாளை ஐந்து மணி என்று எழுதினால் அதை நேரமாகப் புரிந்துகொண்டு நினைவூட்டலாக மாற்றும் வசதி, தமிழில் 'நாளை மாலை 5 மணி' என்று எழுதும்போது வேலை செய்வதில்லை. தேதியைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று குறித்து வைக்கத் தனி இடம் கிடையாது. கெடுவுக்குத் தேதி மட்டுமே கொடுக்கலாம். மணி வேண்டுமென்றால் நினைவூட்டலைத் தனியாக வைக்க வேண்டும். ஒரு நாளின் மணிகளைக் கட்டங்களாகப் பிரித்துத் திட்டமிட விரும்புபவர்களுக்கு இது போதாது. அவர்கள் கூடவே ஒரு காலண்டர் செயலியையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பயன்படுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தேவை. கட்டணம் இல்லை, ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக் ஆகிய அனைத்திலும் கிடைக்கிறது.

செயலிகள் நிலையானவை அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெர்லினில் உருவாகிப் பலராலும் விரும்பப்பட்ட வுண்டர்லிஸ்ட் என்ற பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015ஆம் ஆண்டு வாங்கியது. 2017ஆம் ஆண்டு டு டூ வெளியானது. 2020ஆம் ஆண்டு மே 6ஆம் தேதியோடு வுண்டர்லிஸ்ட் நிறுத்தப்பட்டது. பட்டியல்களை டு டூ செயலிக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்திருந்தார்கள் என்றாலும், இப்படி ஒருநாள் இதுவும் நிற்கலாம். ஆகவே மாத்திரைகளின் பெயரும் அளவும், இன்ஷூரன்ஸ் எண்கள், ஆண்டுத் தேதிகள் ஆகியவற்றை மட்டும் ஒரு நோட்டிலும் எழுதி, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். கைபேசி பயன்படுத்தாத மாமியாருக்கும் அந்த நோட்டு உதவுகிறது.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து செய்யும் பெரிய பணிகளை நடத்துபவர்களுக்கு அல்ல. அவர்களுக்கு வேறு கருவிகள் வேண்டும். வீடு, வேலை, பெரியவர், பிள்ளை என்று நாலாபக்கமும் இழுக்கப்பட்டு, இரவில் எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற மனக்குறையோடு படுக்கும் நாற்பது, ஐம்பது வயதினருக்குப் பரிந்துரைப்பேன். தொடங்கும்போது இரண்டே பட்டியல்கள் போதும்: ஒன்று உங்களுக்கு, ஒன்று வீட்டில் இருக்கும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள.

என்னிடம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'மகன் கல்லூரிக்குப் போன பிறகு'. தொலைநிலைக் கல்வியில் எம்.காம். படிப்பது, தஞ்சாவூருக்குச் சென்று இரண்டு நாள் தங்குவது, பள்ளித் தோழி ஒருத்தியைத் தேடிப் பார்ப்பது என்று ஒன்பது வரிகள் அதில் இருக்கின்றன, ஒன்றுக்கும் தேதியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீக்கும்போது அந்தப் பட்டியலில் மட்டும் நான் கை வைப்பதில்லை. வரும் ஜூன் மாதத்தில் அதிலிருந்து ஒன்றை எடுத்து 'மை டே' பக்கத்தில் வைப்பதாக இருக்கிறேன்; பெரும்பாலும் தஞ்சாவூராக இருக்கும்.